ஸ்கேன் நார்மல்தான், ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை

பைக்கிலிருந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். தலையில் அடி என்றதும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். சற்று நேரத்தில் டாக்டர் வந்து, "பயப்படாதீங்க, ஸ்கேன் நார்மல்" என்கிறார். வீட்டாருக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. டாக்டர் சொன்னது, உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டிய ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இப்போது தெரியவில்லை என்பதைத்தான். வீட்டாரோ மூளைக்கு ஒரு காயமும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி எடுத்துக்கொண்டு, தேவையான சிகிச்சையையும் சேரவேண்டிய இழப்பீட்டையும் கோட்டை விடுபவர்கள் பலர்.

1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில்தான் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி.யில் படம் பிடிக்கப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு 1979-ல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றும் தலைக்காயத்துக்கு முதலில் எடுப்பது சி.டி.தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். நினைவில்லாமல் கிடப்பவருக்கும் எடுக்கலாம். புதிதாகக் கசிந்த ரத்தம் வெள்ளையாகத் தெரியும். மண்டையோட்டு விரிசல், வீக்கம், ரத்தக்கட்டி அழுத்தி மூளை ஒரு பக்கம் நகர்ந்திருப்பது எல்லாம் பிடிபடும். உயிரைக் காப்பாற்றும் முடிவுகள் இதை வைத்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே டாக்டர் எடுக்கச் சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள். அதேபோல, கட்டிலிலிருந்து விழுந்து அழுது ஓய்ந்து விளையாடும் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு. தேவையா என்பதைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும்.

சி.டி.க்குத் தெரியாதது என்ன? தலை வேகமாக உலுக்கப்படும்போது மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. சில அறுந்தும் போகின்றன. மூளை அதிர்ச்சி எனப்படும் காயத்தில் நரம்பணுக்களின் வேலை குலைகிறது, படத்தில் மூளை அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் டிராக்-டி.பி.ஐ. ஆய்வுக் குழு 2013-ல் வெளியிட்ட முடிவு ஒன்று: லேசான தலைக்காயத்தோடு வந்து சி.டி. நார்மலாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு, பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் காயம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. அது சுத்தமாக இருந்தும் மாதக்கணக்கில் அவதிப்படுவோர் உண்டு. படத்தில் புள்ளிகள் இருந்தும் முழுசாகத் தேறியவர்களும் உண்டு.

இந்தக் காயம் பெரும்பாலும் வீட்டில்தான் வெளிப்படுகிறது. பத்துப் பொருளுக்கு மனக்கணக்காகவே பில் போட்ட மளிகைக் கடைக்காரர் மூன்றாவது பொருளிலேயே தடுமாறுகிறார். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. குக்கர் விசில் அடித்தால் எரிந்து விழுகிறார். ராத்திரி தூக்கமில்லை, பகலெல்லாம் சோர்வு. "ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லையே, வேலைக்குப் போக சோம்பல்" என்று உறவினர்கள் பேசத் தொடங்குகிறார்கள். அடிபட்டவரை இப்படிப் பேசுவது பெரிய அநியாயம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். தேறாதவரை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, நினைவாற்றல், கவனம், யோசிக்கும் வேகம் ஆகியவற்றை அளக்கும் நரம்பியல் உளவியல் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். ஸ்கேன் காட்டாததை அது காட்டக்கூடும். முழுதாகத் தேறும்வரை வண்டி ஓட்டுவதும் மறுபடி அடிபடக்கூடிய விளையாட்டும் வேண்டாம்.

இன்னொன்று, ஸ்கேன் காட்டுவது எடுத்த நேரத்து நிலையை. 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் எழுந்து இயல்பாகப் பேசினார். உதவிக்கு வந்த ஆம்புலன்ஸும் திருப்பி அனுப்பப்பட்டது. பிறகு தலைவலி தொடங்கியது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே கசிந்த ரத்தத்தால் இரண்டே நாளில் இறந்துபோனார். ஆகவே வீட்டுக்கு அனுப்பிய பிறகும் முதல் இரண்டு நாள் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது: இதில் எது தெரிந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்து நடை தள்ளாட்டமாகவோ மறதியாகவோ வெளிப்படும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். பழைய ஸ்கேன் இதற்குப் பதில் சொல்லாது, புதிதாக எடுக்கவேண்டும்.

பணத்துக்காகத் தயங்கவேண்டாம். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரை வழக்குச் சிக்கலில் இழுக்காமல் பாதுகாக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு இருக்கிறது.

மருத்துவமனையை விட்டு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ஃபிலிம், அதன் ரிப்போர்ட், விபத்துப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மோட்டார் விபத்து இழப்பீட்டுக்கு விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்யவேண்டும் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் சொல்கிறது. குணமாகட்டும் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு அந்த நார்மல் ரிப்போர்ட்டை நீட்டி, பாதிப்பே இல்லை என்று வாதிடலாம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் தந்த தீர்ப்பு இங்கே கைகொடுக்கும். உடலின் ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாகக் கொள்ளக்கூடாது. அந்த நபர் செய்துவந்த தொழிலை அந்தக் காயம் எவ்வளவு பாதித்தது என்று பார்க்கவேண்டும் என்றது அத்தீர்ப்பு. அதை நிரூபிக்கச் சான்று வேண்டும். கடையில் எந்தத் தேதியில் என்ன கணக்குத் தவறியது, எத்தனை நாள் விடுப்பு, எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று முதல் வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஊனச் சான்றிதழ் தந்த மருத்துவர் சாட்சி சொல்லவும் அழைக்கப்படலாம். ஆகவே ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் மறதி, எரிச்சல், தலைச்சுற்றல் ஆகியவற்றை வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், ஓ.பி. சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள்.