பழைய ஒளிநாடாக்களை இறுவட்டுக்கு மாற்றுதலும் பதிப்புரிமையும்

பதிப்புரிமையின் வரைவிலக்கணத்தை மனனம் செய்த மாணவர்கள் பலர் உள்ளனர். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து "இங்கு உரிமை யாருக்கு?" என்று வினவினால் பேனா நின்றுவிடுகின்றது. எனவே வீட்டு அலுமாரியில் இருக்கும் ஒரு பொருளைக் கொண்டே இப்பகுதியை விளங்கிக்கொள்வோம். அப்பொருள் வீடியோ கசெற், அதாவது ஒளிநாடா.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கலியாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம், கோயில் தேர் என்பன ஒளிநாடாக்களில் பதிவுசெய்யப்பட்டன. இடம்பெயர்ந்தபோது காணி உறுதியோடு இந்த நாடாக்களையும் காவிச் சென்ற குடும்பங்கள் உண்டு. இன்று நம்மிடையே இல்லாத ஒருவரின் நடையும் குரலும் அந்த ஒரு நாடாவில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். ஆகவே அதனைக் காப்பாற்றுவது அவசியம். சட்டம் எதற்கு இடமளிக்கின்றது, எதற்கு இடமளிக்கவில்லை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

1. நாடா ஏன் அழிகின்றது?

வி.எச்.எஸ். முறையை யப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976 இல் அறிமுகம் செய்தது. இதன் நாடா 12.7 மில்லிமீற்றர் அகலமுடையது. பிளாஸ்ரிக் நாடாவின் மேல் காந்தத் துணிக்கைகள் ஒரு பசையினால் ஒட்டப்பட்டிருக்கும். அது பழுதடைவதற்கான காரணங்கள் வருமாறு:

(அ) ஈரப்பதனால் பசை வலுவிழந்து துணிக்கைகள் உதிர்தல்.
(ஆ) காந்தப் பதிவு காலப்போக்கில் மங்குதல்.
(இ) பூஞ்சணம் பிடித்தல்.
(ஈ) ஓடவிடும் ஒவ்வொரு தடவையும் டெக்கின் தலையில் உராய்ந்து தேய்தல்.

நாடா நல்ல நிலையில் இருந்தாலும் அதனை ஓடவிடும் டெக் அரிதாகிவிட்டது. இறுதிவரை வி.எச்.எஸ். டெக் தயாரித்துவந்ததாக அறியப்பட்ட யப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 யூலையுடன் உற்பத்தியை நிறுத்தியது.

2. மாற்றும் முறை

படி 1: நாடாவைக் கண்ணாடிப் பகுதியினூடாகப் பார்க்குக. வெண்ணிறப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கினுள் இடலாகாது. அது டெக்கின் தலைக்கும், பின்னர் இடப்படும் ஏனைய நாடாக்களுக்கும் தொற்றும். முதலில் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு சுத்தம் செய்விக்க வேண்டும்.

படி 2: கசெற்றின் பின்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்ரிக் தகட்டை உடைத்துவிடுக. அதன் பின்னர் தவறுதலாகவேனும் அந்த நாடாவின் மேல் வேறெதுவும் பதிவாகாது.

படி 3: நாடாவை ஒரு முறை இறுதிவரை ஓடவிட்டு மீளச் சுற்றுக. சுற்று சீராகும்.

படி 4: ஒளிபரப்பு முறையை அறிக. இலங்கையில் பயன்பட்டது பால் முறை (625 கோடுகள், செக்கனுக்கு 25 சட்டங்கள்). கனடாவில் பயன்பட்டது என்.ரி.எஸ்.சி. முறை (525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள்). கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கலியாண நாடா இங்குள்ள டெக்கில் ஒழுங்காக ஓடாமைக்குக் காரணம் நாடாவின் பழுது அன்று. முறை வேறுபாடாகவும் இருக்கலாம். இரு முறைகளையும் ஏற்கும் டெக் தேவை.

படி 5: டெக்கிலிருந்து மஞ்சள் வயரைப் படத்திற்கும், சிவப்பு, வெள்ளை வயர்களை ஒலிக்கும் இணைத்து, யு.எஸ்.பி. பதிவுக் கருவி மூலம் கணினியினுள் எடுக்குக. மூன்று மணித்தியால நாடாவை மாற்ற மூன்று மணித்தியாலம் செல்லும். இதனை விரைவுபடுத்த முடியாது.

படி 6: இறுவட்டில் பதிக. 4.7 கிகாபைற் கொண்ட டி.வி.டி. ஒன்றில் நல்ல தரத்தில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் அடங்கும். எனவே மூன்று மணித்தியால நாடாவிற்கு இரண்டு இறுவட்டுகள் தேவை.

கவனிக்க: இறுவட்டும் நிரந்தரமானதன்று. இன்றைய கணினிகள் பலவற்றில் இறுவட்டுச் செலுத்தியும் இல்லை. ஆகவே கோப்பை வன்தட்டு ஒன்றிலும் சேமித்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வைத்தல் நன்று. மூல நாடாவை எறிந்துவிடலாகாது.

3. நாடா யாருடையது? உரிமை யாருடையது?

இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள். நாடா ஒரு பொருள்; அதனை வாங்கியவர் அதன் சொந்தக்காரர். ஆனால் அதில் பதிவாகியுள்ள ஆக்கத்தின் உரிமை நாடாவுடன் சேர்ந்து கைமாறுவதில்லை. இலங்கையில் இதனை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. பதிப்புரிமை கிடைப்பதற்குப் பதிவுசெய்தல் தேவையில்லை. ஆக்கம் உருவானவுடனேயே பாதுகாப்பும் உருவாகின்றது.

நாடாக்களை மூன்றாக வகுத்து நோக்குவோம்.

(அ) வீட்டார் தாமே பதிவுசெய்தவை: உரிமை பதிவுசெய்தவருக்கே. அவருடைய விருப்பத்துடன் எத்தனை பிரதிகளும் எடுக்கலாம்.

(ஆ) ஸ்ரூடியோ பதிவுசெய்தவை: ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிடின், கட்புல செவிப்புல ஆக்கத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்குரியது. அதனைத் தயாரிக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவரே தயாரிப்பாளர். காசு கொடுத்தோம் என்பதனால் மட்டும் உரிமை நம்மிடம் வந்துவிடாது. பாதுகாப்புக்காக வீட்டிற்கு ஒரு பிரதி எடுப்பதை நியாயமான பயன்பாடு என வாதிடலாம். எனினும் ஸ்ரூடியோவிடம் எழுத்தில் அனுமதி பெறுவதே சிறந்தது.

(இ) விலைக்கு வாங்கிய திரைப்பட, நாடக நாடாக்கள்: இவை வெளியிடப்பட்ட ஆக்கங்கள். சட்டபூர்வமான பிரதி ஒன்றிலிருந்து, ஒருவர் தமது சொந்தத் தேவைக்கு மாத்திரம், ஒரேயொரு பிரதி எடுப்பதற்குச் சட்டம் பொதுவாக இடமளிக்கின்றது. அப்பிரதியை விற்றல், வாடகைக்கு விடுதல், இணையத்தில் ஏற்றுதல் என்பன இதில் அடங்கா. கள்ளப் பிரதியிலிருந்து எடுத்தாலும் இச்சலுகை இல்லை. திரைப்படத்திற்கான பாதுகாப்பு 70 ஆண்டுகள். ஆகவே 1980 இல் வெளியான படத்திற்கு 2050 வரை பாதுகாப்பு உண்டு.

வேண்டுமென்றே உரிமையை மீறுபவருக்கு ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

4. நியாயமான பயன்பாட்டை எடைபோடும் நான்கு காரணிகள்

i. பயன்பாட்டின் நோக்கமும் தன்மையும் (வியாபாரமா, கல்வியா)
ii. ஆக்கத்தின் தன்மை
iii. எடுக்கப்பட்ட பகுதியின் அளவு
iv. ஆக்கத்தின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு

5. மாதிரி வினா

1993 இல் ஸ்ரூடியோ ஒன்று பதிவுசெய்த கலியாண நாடாவில் பின்னணியாகத் திரைப்படப் பாடல்கள் சேர்க்கப்பட்டுள்ளன. குடும்பத்தினர் அதனை இறுவட்டுக்கு மாற்றி (க) வீட்டில் வைத்திருக்கின்றனர். (ங) ஸ்ரூடியோவின் பெயர் வரும் பகுதியை வெட்டிவிட்டு இணையத்தில் ஏற்றுகின்றனர். ஆராய்க.

விடைக் குறிப்பு: இந்நாடாவில் இரு உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. ஒன்று ஒளிப்பதிவின் உரிமை. மற்றையது பாடல்களின் உரிமை. (க) இல் நோக்கம் பாதுகாப்பு, வியாபாரம் இல்லை, சந்தைக்குப் பாதிப்பும் இல்லை. எனவே நியாயமான பயன்பாடு என வாதிட வலுவுண்டு. (ங) இல் ஆக்கம் பொதுமக்களுக்குச் சென்றடைகின்றது. ஆகவே ஒளிப்பதிவு, பாடல் ஆகிய இரண்டிற்கும் உரியவர்களின் அனுமதி தேவை. ஆக்கியோனின் பெயரை நீக்குவது அவருடைய ஒழுக்க உரிமையையும் பாதிக்கின்றது. மேலும் நாடாவில் தோன்றுவோரின் சம்மதம் பதிப்புரிமையிலிருந்து வேறான ஒரு விடயம்; அதனையும் ஓர் ஊடக அறநெறிப் பிரச்சினையாகக் குறிப்பிடுக.

பரீட்சைக் குறிப்பு: பதிப்புரிமையையும் ஆக்கவுரிமையையும் மயங்கி எழுதற்க. பின்னையது புத்தாக்கங்களுக்குரியது. விடை எழுதத் தொடங்குமுன் "பொருள் யாருடையது, உரிமை யாருடையது, பிரதி எதற்காக" என்ற மூன்று வினாக்களையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்க. எந்தச் சம்பவம் தரப்பட்டாலும் இம்மூன்றுமே வழிகாட்டும். பரீட்சை முடிந்த விடுமுறையில் வீட்டிலுள்ள நாடாக்களையும் இதே மூன்று வினாக்களோடு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டெக் கிடைக்கும் காலத்திலேயே இவ்வேலையை முடித்துவிட வேண்டும்.