ஆறு மணிக்குச் சீட்டியடிக்கும் விருந்தாளி

சங்கரன்கோவிலை உள்ளடக்கிய பழைய நெல்லைச் சீமையில் இதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீட்டி அடிக்கும்! பச்சை முதுகு, நீல இறக்கை, அடிவயிற்றில் சிவப்பு. வால் மட்டும் யாரோ நறுக்கிவிட்டது போலிருக்கும்.

ஆங்கிலத்தில் பிட்டா. தெலுங்கில் 'பிட்ட' என்றால் குருவி. அந்தச் சொல் கடல் தாண்டி, தென் அமெரிக்கக் காட்டுத் தரையில் தாவித் திரியும் 'ஆன்ட்பிட்டா' பறவைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

நம்மூர்க் குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் இரவோடு இரவாகத் தெற்கே பறந்து வரும். களைத்துப்போய் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடந்தால் பூனைக்குத்தான் கொண்டாட்டம். அப்படிப் பார்த்தால், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் மெதுவாக எடுத்து வைத்து மூடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் மரத்தடியில் விடலாம்; காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.