ஹர்ஸ்லி கிராமத்துப் பழைய ஏடு

1620-ஆம் ஆண்டில் ‘மேபிளவர்’ என்னும் கப்பலிலேறி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, அமெரிக்கக் கரையில் குடியேறப் புறப்பட்ட 102 பேருள் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவரும் ஒருவர். அவருடைய சந்ததியார் அந்நாடெங்கும் பரவியிருந்தும், அவர் இங்கிலாந்தில் எவ்வூரார், அவருடைய முதல் மனைவி யார் என்னும் இரண்டு கேள்விகளுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நேரான விடை கிடைக்கவில்லை.

அக்குடியேற்றத்தின் ஆளுநராயிருந்த வில்லியம் பிராட்போர்டு தம் கைப்பட எழுதிவைத்த பிரயாணிகளின் ஜாபிதாவில், ஹாப்கின்ஸோடு அவர் மனைவி எலிசபெத்தும், முந்திய தாரத்து மக்களான ஜைல்ஸ், கான்ஸ்டன்ஸ் என்னும் இருவரும், டமாரிஸ் என்ற சிறு பெண்ணும், கடல் நடுவே பிறந்தமையால் ஓஷியானஸ் என்று பெயர்பெற்ற சிசுவும் இடம்பெறுகிறார்கள். முந்திய தாரத்தின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில் கான்ஸ்டன்ஸ் டட்லி என்றொரு மாதைக் கொண்டுவந்து நிறுத்தின பிற்காலத்துக் குடும்ப நூல்கள். ஹாப்கின்ஸ் குளோஸ்டர்ஷையரைச் சேர்ந்தவர் என்ற அபிப்பிராயமும் வெகுகாலம் நிலவியது. பெயரொற்றுமை ஒன்றையே சாட்சியாக வைத்து வம்சம் கட்டுவது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதே ஆகும். ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பது அந்நாளில் அபூர்வமான பெயரன்று.

1998-ஆம் ஆண்டு கேலப் ஜான்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். ஹாம்ப்ஷையரிலுள்ள ஹர்ஸ்லி என்ற கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில், ஸ்டீபன் ஹாப்கின்ஸின் மக்களாக, 1604-இல் எலிசபெத், 1606 மே 11-இல் கான்ஸ்டன்ஸ், 1608 ஜனவரி 30-இல் ஜைல்ஸ் என மூன்று ஞானஸ்நானங்கள் காணப்பட்டன. தனித்தனியே எங்கும் அகப்படக்கூடிய பெயர்கள்தாம். தந்தை, மகள், மகன் ஆகிய மூவர் பெயரும் ஒரே ஊரில், பொருந்திய காலத்தில், ஒருங்கே வந்து சேர்ந்தமையே இங்கு பலமான ஆதாரம். ஏட்டைப் பார்ப்பவர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: அக்காலத்து இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25-ஆம் தேதிதான் பிறந்தது, ஆகவே நாம் 1608 என்று சொல்லும் அந்த ஜனவரி, அவர்கள் கணக்கில் 1607-ஐச் சேர்ந்தது. இதை அறியாதவர் கையில் ஒரு குழந்தைக்கு ஒரு வயது கூடிவிடும்.

1609-இல் ‘ஸீ வென்ச்சர்’ என்ற கப்பல் புயலில் சிக்கிப் பெர்முடாத் தீவில் ஒதுங்கியபோது, ஆளுநரின் அதிகாரத்தை மறுத்துப் பேசியதற்காக மரண தண்டனை விதிக்கப்பெற்று, தம் மனைவி மக்கள் நாசமடைவார்களே என்று கதறி மன்னிப்புப் பெற்றவரும் ஒரு ஸ்டீபன் ஹாப்கின்ஸே என்று, உடனிருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதியிருக்கிறார். ஜைல்ஸுக்குப் பின் அந்த வீட்டில் குழந்தை பிறக்காமையும் அதனோடு இசைகிறது. அவரும் இவரும் ஒருவரே என்பது என் துணிபு.

அவர் கதறியது எந்த மனைவிக்காக என்பதையும் ஹர்ஸ்லி ஏடே சொல்லிவிடுகிறது. அவள் பெயர் மேரி. 1613 மே 9-ஆம் தேதி அவளை அவ்வூரில் அடக்கம் செய்தார்கள். கான்ஸ்டன்ஸுக்கு ஞானஸ்நானம் நடந்து ஏழாண்டு நிறைவதற்கு அன்று இரண்டு நாளே இருந்தன.