பார்த்து வரைதல்

பார்த்து வரைதல் என்பது கண்ணெதிரே உள்ள பொருளையோ ஆளையோ இடத்தையோ அங்கேயே இருந்து கோடுகளால் காகிதத்தில் பதிவு செய்யும் முறையாகும். ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம் வரைவதும், கட்டம் போட்டுப் பெரிதாக்குவதும் இதில் சேரா. வண்ண ஓவியத்திற்கு முன்தயாரிப்பாகவும் இது பயன்படும். தனிக் கலையாகவும் நிற்கும். பேச்சு வழக்கில் 'ஸ்கெட்ச்' என்பார்கள். தயங்காமல், அழிக்காமல் ஒரே இழுப்பில் வரும் கோடு இதன் அடையாளம். அந்தக் கோடு கைப்பழக்கத்தால் வருவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதில் பெரும்பங்கு கண்ணின் பழக்கம்.

இரண்டு மலையும் ஒரு சூரியனும்

'இயற்கைக் காட்சி வரைக' என்றால் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். முக்கோணமாக இரண்டு மலைகள், நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் மலை கிடையாது. அங்கே சூரியன் வங்கக் கடலிலிருந்து எழுகிறது. கெடிலம் ஆறு அருகில் கடலில் கலக்கிறது. 'சில்வர் பீச்' என்று வெளியூர்க்காரர்கள் அறிந்த அந்த மணல்வெளியில் ஃபைபர் படகுகளும் வலைக் குவியல்களும் கிடக்கின்றன. ஆனாலும் இப்படிப்பட்ட கடற்கரை ஊர்ப் பிள்ளையின் நோட்டிலும் அந்த இரண்டு மலைகள் வந்து நின்றுவிடுகின்றன.

பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்பதல்ல காரணம். 'காட்சி' என்ற சொல்லுக்கு அதன் மனத்தில் ஏற்கெனவே ஓர் அச்சு இருக்கிறது. கை அந்த அச்சைத்தான் எடுத்துப் போடுகிறது. பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. கண் என்றால் பாதாம் பருப்பு வடிவம், படகு என்றால் பிறைநிலாவும் முக்கோணப் பாயும் என்று அவரவரிடம் அச்சுகள் உண்டு.

கோடு ஏன் நடுங்குகிறது

கரையில் ஏற்றி வைத்த படகு ஒன்றை அதன் மூக்குக்கு நேரே உட்கார்ந்து வரைவதாகக் கொள்ளலாம். அந்தக் கோணத்தில் படகின் நீளம் ஏறக்குறைய மறைந்துவிடும். தெரிவது அகலமும் மேலெழும் மூக்கும் மட்டுமே. ஆனால் படகு நீளமானது என்று மனம் அறியும். கண் குட்டை என்கிறது, மனம் நீளம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கை சின்னச் சின்னக் கோடுகளை ஒட்டிக்கொண்டே போகிறது. பிறகு ரப்பரைத் தேடுகிறது. தயங்கிய கோட்டில் பெரும்பாலும் இந்தச் சண்டைதான் பதிவாகியிருக்கும். கண் சொல்வதை நம்பத் தொடங்கியதும் கோடு தானாகவே நீளும்.

உடல் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. எழுதும்போது பென்சிலை நுனியருகே இறுகப் பிடித்து விரல்களை மட்டும் அசைக்கிறோம். அதே பிடியில் நீண்ட வளைவு வராது. பென்சிலைச் சற்று மேலே தளர்வாகப் பிடித்து, முழங்கையையும் தோளையும் அசைத்தால் ஒரே வீச்சில் வளைவு கிடைக்கும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. மார்கழி விடியலில் வாசலில் கோலம் போடுபவரின் கையைக் கவனித்தால் போதும். குனிந்த நிலையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு இழை விழ, கை முழுவதும் தோளிலிருந்து நகர்கிறது. சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. கண் விரல் நுனியில் இல்லை; அடுத்த புள்ளியில் இருக்கிறது. ஒன்றே வேறுபாடு: கோலத்தின் வடிவம் முன்பே மனத்தில் இருக்கும், பார்த்து வரைதலில் அது எதிரே இருக்கும். தினமும் கோலம் போடும் கை கொண்ட பலர் 'எனக்கு வரைய வராது' என்று சொல்வது வேடிக்கை.

பயிற்சிகள்

முதல் பயிற்சி காகிதத்தைப் பார்க்காமல் வரைவது. ஒரு செருப்பையோ தம் இடது கையையோ எதிரே வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் கண்ணை எறும்பு ஊர்வதுபோல் நகர்த்த வேண்டும். பென்சில் அதே வேகத்தில் காகிதத்தில் நகர வேண்டும். படம் கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் விரல் மடிப்பின் சுருக்கம், நகத்தின் விளிம்பு என்று முன்பு ஒருபோதும் கவனிக்காதவை அதில் ஏறியிருக்கும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கொலாய்ட்ஸ் இத்தகைய பயிற்சிகளை முறைப்படுத்தியவர். அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1941-இல் வெளிவந்தது. இன்றும் ஓவியக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது.

இரண்டாவது, அசைவைப் பிடிப்பது. இதற்குத் தேவனாம்பட்டினத்தை விட நல்ல வகுப்பறை அமைவது கடினம். படகைத் தள்ளுபவரும் கூடையைத் தலைக்கு ஏற்றுபவரும் யாருக்காகவும் நிற்கப் போவதில்லை. அரை நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் முகம், விரல், சட்டைப் பொத்தான் எதுவும் வேண்டாம். முதுகு எப்படி வளைந்திருக்கிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்ற இரண்டே கேள்விகள் போதும். தள்ளுபவரின் குதிகாலிலிருந்து தோள்வரை ஒரே சாய்கோடு ஓடும். அது விழுந்துவிட்டால் மற்றவை தாமாக அதில் ஒட்டிக்கொள்ளும். வலையைச் சீர்செய்ய உட்கார்ந்தவர் நீண்ட நேரம் அதே இடத்தில் இருப்பார். கையும் தலையும் ஒரே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வரும். எனவே தொடங்குபவர்களுக்கு அவரே ஏற்றவர். ஒருவரை அருகில் இருந்து வரையும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. முடிந்ததும் காட்டினால் பெரும்பாலும் சிரிப்பும் விமர்சனமும் சேர்ந்தே கிடைக்கும். மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது கூட்டத்தைத் தலை தலையாக வரையாமல் ஒரே திரளாக, அதன் மேல் விளிம்பை மட்டும் ஓர் ஓடும் கோடாகப் பிடிக்கலாம்.

மூன்றாவது, இடைவெளியை வரைவது. சாய்த்து வைத்த இரண்டு துடுப்புகளை வரைவதற்குப் பதில் அவற்றுக்கிடையே தெரியும் வானத்துண்டை வரைய வேண்டும். துடுப்புக்கு மனத்தில் அச்சு உண்டு, வானத்துண்டுக்குக் கிடையாது. எனவே கை பார்த்ததை மட்டுமே வரையும்.

அளவு குழம்பினால் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் மீது கட்டை விரலால் அளந்து ஒப்பிடும் பழைய வழி இருக்கிறது.

சிதம்பரத்துக் கல்லாட்டம்

ஓடும் மனிதர்கள் மிரட்டினால் கல் மனிதர்களிடம் போகலாம். சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களின் உட்சுவர்களில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் அவற்றுக்குரிய வடமொழிச் செய்யுட்களோடு செதுக்கப்பட்டுள்ளன. அசைவின் நடுவில் நிறுத்தப்பட்ட உடல்கள் அவை. நடராசர் வடிவத்தில் எடை முழுவதும் முயலகன் மேல் ஊன்றிய வலக்காலில் இறங்க, இடக்கால் குறுக்கே தூக்கியிருக்கிறது. கழுத்துக் குழியிலிருந்து ஊன்றிய குதிகாலை நோக்கி ஒரு தூக்குக் கோடு போட்டுப் பார்த்தால் அந்த உருவம் ஏன் விழாமல் நிற்கிறது என்பது விளங்கும். கரணச் சிற்பங்களிலும் அதே கோட்டைத் தேடலாம். கோபுர வாயிலில் ஆள் நடமாட்டம் ஓயாது; ஓரமாக நின்று வரைவதே வழி.

தமிழ்நாட்டு ஓவியர்கள்

கோயில்களில் அமர்ந்து வரைந்தவர்களில் தமிழ் வாசகர்கள் நன்கறிந்தவர் சில்பி (1919–1983). ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக அவர் ஊர் ஊராகச் சென்று சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்தார். அவருடைய கோடு நுணுக்கமானது, பொறுமையானது. தளர்ந்த கோடு அல்ல. ஆயினும் அதில் ஊகம் இல்லை. அதே இதழின் மாலி, மேடையில் பாடும் வித்வான்களைச் சில வளைவுகளில் அடையாளம் காட்டியவர்.

கே. எம். ஆதிமூலம் (1938–2008) காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் வரைந்த கறுப்பு வெள்ளைக் காந்திப் படங்கள் தமிழ்க் கோட்டோவியத்தின் உச்சங்களில் ஒன்று. அவை நேரில் பார்த்து வரையப்பட்டவை அல்ல. ஆனால் 1850-இல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியின் வழிவந்த கல்லூரியில் உடலையும் பொருள்களையும் பார்த்து வரைந்து தேறிய கை அது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த படங்களிலும் அந்தத் துணிச்சலான கோட்டைக் காணலாம். துணிச்சலை மட்டும் பார்த்துக் காப்பியடிக்க முயலும் மாணவர்களுக்குக் கிறுக்கல்தான் மிஞ்சுகிறது.

பள்ளியில்

அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்திற்கு லோயர், ஹையர் என்று வழங்கும் இரு நிலைகள் உள்ளன. குடம், பெட்டி போன்றவற்றை எதிரே வைத்து வரையும் 'மாடல் டிராயிங்' பழக்கமும் உண்டு. ஆனால் பொதுவான வகுப்பறையில் ஓவிய வேளை என்பது பெரும்பாலும் கரும்பலகைப் படத்தை அப்படியே எடுத்தெழுதுவது அல்லது கணக்குப் பாடத்துக்கு இரவல் போவது.

இதன் இழப்பு ஓவியத்தோடு நிற்பதில்லை. மேல்நிலை வகுப்பின் உயிரியல் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் தெரியும். நுண்ணோக்கியில் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, படத்தை முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து வரையும் வழக்கம் பரவலானது. மேசையில் கிடக்கும் செம்பருத்தியின் இதழ் கிழிந்திருக்கும். நோட்டில் உள்ள செம்பருத்திக்கோ ஐந்து இதழும் ஒரே அளவு. எசுப்பானிய அறிவியலாளர் ரமோன் இ காகல் நுண்ணோக்கியில் கண்ட நரம்புச் செல்களைத் தம் கையாலேயே வரைந்தார். 1906-இல் நோபல் பரிசு பெற்ற அவரது ஆய்வில் அப்படங்களுக்கு முக்கிய இடம் உண்டு. செல்கள் தனித்தனியானவை என்ற அவரது முடிவுக்கு அந்தக் கூர்ந்த பார்வையே அடிப்படை.

கருவிகள்

விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. 4பி அல்லது 6பி பென்சில், பரீட்சை அட்டை, ஒரு பக்கம் அச்சான தாள்கள், இரண்டு கிளிப்புகள். கடற்கரைக் காற்றில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று கிளிப் போடாவிட்டால் தாள் பறந்துவிடும். அதிகாலை ஈரத்தில் தாள் பதத்துப்போய் மை ஊறிப் பரவும். அப்போது பென்சில், வெயில் ஏறியபின் பேனா. ரப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. தவறிய கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட வேண்டும். ரெம்பிராண்டின் பேனா வரைவுகளிலும் இப்படித் திருத்திய கோடுகள் அப்படியே நிற்கின்றன.

தாளின் மூலையில் இடம், தேதி, நேரம் குறிப்பது வழக்கம். இக்கடற்கரையில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த கட்டுமரங்களின் இடத்தை இன்று பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புகளையும் மாற்றியது. கட்டைகளைக் கயிற்றால் எந்த வரிசையில் எப்படிக் கட்டினார்கள் என்பதைத் தேதியிட்ட ஒரு பென்சில் படம் இன்றும் சொல்லும்.