திரும்பத் திரும்பச் செபிப்பதும் மனந்திரும்புவதும்

மாலை மயங்கியபின் குடும்பத்தார் ஒன்றுகூடி முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வது நம் கத்தோலிக்க இல்லங்களின் நெடுநாளைய மரபு. ஐம்பத்து மூன்று மணிகள். ஐம்பத்து மூன்று முறையும் அதே மங்கள வார்த்தை செபம். 'ஒன்றையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்? வீணாகச் சொற்களை அடுக்க வேண்டாமென ஆண்டவரே போதித்தாரே!' எனப் பிள்ளைகள் வினவுகின்றனர். 'அதே பாவம், அதே பாவசங்கீர்த்தனம். இதனால் யாது பயன்?' எனச் சோர்ந்து, திவ்விய பந்தியை அணுகாது கோவிலின் கடைவரிசையிலேயே நின்றுவிடும் பெரியோரும் நம்மிடையே உளர். இவ்விரு வினாக்களும் ஒரே வேரில் முளைத்தவை.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டிப்பது யாது? சொற்களின் மிகுதியால் இறைவனை இணங்க வைத்துவிடலாம் என்னும் எண்ணத்தையே. நாம் கேட்குமுன்னரே நம் தேவையை அறிந்த தந்தையிடம் எண்ணிக்கைக்கு என்ன வேலை? ஆயினும் அதே நற்செய்தியின் இருபத்தாறாம் அதிகாரத்தில், ஜெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளால் செபித்தார் என வாசிக்கிறோம். தந்தையின் மனத்தை மாற்றுவதற்கன்று. துயருற்ற தம் உள்ளத்தைத் தந்தையின் திருவுளத்தோடு இணைப்பதற்கே. 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் இறைவனின் இரக்கத்தைப் போற்றும் ஒரே பல்லவி வருகின்றது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பரும், தியானமற்ற செபமாலை ஆன்மா இல்லாத உடலை ஒக்கும் என 1974-இல் எச்சரித்தார். குறை திரும்பச் சொல்வதில் இல்லை. உள்ளம் திரும்பாதிருப்பதிலேயே உள்ளது.

நம் தமிழ்மொழியே இதனை நமக்கு உணர்த்துகின்றது. மீண்டும் செய்வதைத் 'திரும்ப' என்கிறோம். பாவத்தை விட்டு இறைவன்பால் வருவதையும் மனந்'திரும்புதல்' என்கிறோம். கொல்லிமலையின் ஆலத்தூர் நாடு முதலிய மலைநாடுகளுக்குச் சமவெளியினின்று ஏறும் பாதைகளுள் காரவள்ளியில் தொடங்குவதும் ஒன்று. அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவும் முந்தியதைப் போலவே தோன்றும். வந்த திசைக்கே மீள்கிறோமோ என்ற ஐயமும் எழும். எனினும் ஒவ்வொரு திருப்பத்திலும் பாதை உயர்ந்தே செல்லும். நேரே ஏற முயலும் வண்டி அம்மலையை ஏறாது.

இம்மலையில் நிகழ்ந்த ஒரு மனமாற்றத்தையும் இங்கே நினைவுகூரலாம். பிற சபைச் சகோதரரான ஜெஸ்ஸி பிராண்டும் அவர்தம் துணைவியார் ஈவ்லினும் கொல்லிமலையில் மருத்துவப் பணியும் கல்விப் பணியும் ஆற்றினர். தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்களின் புதல்வரே. ஆண்டுகள் பல சென்றும் இவர்கள் போதனையை ஏற்பாரில்லை. ஊர்ப் பூசாரி ஒருவர் எதிர்த்தே நின்றார். முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய இன்புளுயன்சா நோயில் அவரும் வீழ்ந்தார். பிறர் அணுக அஞ்சிய வேளையில் பிராண்ட் தம்பதியர் சென்று பணிவிடை செய்தனர். இறக்குமுன் தம் பெண்குழந்தையை அவர்கள் கையிலேயே அவர் ஒப்படைத்தார். போதனையால் ஆகாதது, நாள்தோறும் சலியாது திரும்பத் திரும்பச் செய்த அன்புப் பணியால் ஆயிற்று. ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலுற்று அம்மலையிலேயே உயிர்நீத்தார்.

அவ்வாறாயின், மனந்திரும்பியபின் மீண்டும் வீழ்ந்தவனின் நிலை என்ன? முற்காலத் திருச்சபையில் பெரும்பாவம் செய்தோர்க்குப் பகிரங்கத் தவம் வாழ்நாளில் ஒரே முறைதான் வழங்கப்பட்டது. வீழ்ந்தபோதெல்லாம் ஒப்புரவு வேண்டும் வழக்கத்தை 589-இல் தொலேதோ சங்கம் கண்டித்தது. பின்னர், அயர்லாந்துத் துறவியர் பரப்பிய தனிப் பாவசங்கீர்த்தன முறை வேரூன்றியது. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யுமாறு கட்டளையிட்டது. சகோதரனை ஏழெழுபது முறை மன்னிக்குமாறு இராயப்பருக்குக் கட்டளையிட்ட ஆண்டவர், தாம் அதனினும் குறைவாகவா மன்னிப்பார்?

எனவே, குடியை விடுவதாக வாக்களித்து மீண்டும் வீழ்ந்த குடும்பத் தலைவன் வெட்கத்தால் விலகி நிற்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இனிப் பாவம் செய்யேன் என்னும் உறுதியும் உத்தம மனஸ்தாபத்தின் கூறாகும் என்பது 1551-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் தந்த போதனை. சக்கேயு கண்ணீரோடு நின்றுவிடவில்லை. உடைமையில் பாதியை ஏழைகட்கும், வஞ்சித்துப் பறித்ததை நான்கு மடங்காய் உரியவர்க்கும் தருவதாக முன்வந்தான்.

இன்றிரவு செபமாலையைக் கையிலெடுக்குமுன் நம்மை நாமே வினவுவோம். வரப்புத் தகராற்றால் பேசாதிருக்கும் அண்ணன், கூலி நிலுவையோடு காத்திருக்கும் வேலையாள், நம் சுடுசொல்லால் வாடிய மனைவி — இவர்களுள் யாரிடம் நாம் திரும்ப வேண்டும்? அவ்வாறு திரும்பும் இல்லத்தில் அதே மங்கள வார்த்தை நாளையும் ஒலிக்கட்டும். நாளை வீழ்ந்தாலும் மீண்டும் எழுந்து திரும்புவோமாக!