உதவி மேசையிலிருந்து மேகக் கணிமைக்கு: ஒரு தொழில்மாற்றத்தின் வழியும் செலவும்

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, காயல் நீர் சூழ்ந்த கும்பளங்கியில் பொக்காளி வயல்கள் உள்ளன. மழைக்காலத்தில் நீரின் உப்பு குறையும்போது அங்கே நெல் விளைகிறது. அறுவடை முடிந்ததும் மதகைத் திறந்து ஓதநீரை உள்ளே விட்டு, அதே வயலில் இறால் வளர்க்கின்றனர். அறுத்த நெல்லின் தாள் நீரில் மக்கி இறாலுக்கு இரையாகிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகிறது. வயலை எவரும் கைவிடுவதில்லை, விளைபொருள்தான் மாறுகிறது.

தகவல் தொழில்நுட்ப உதவிப் பணியிலிருந்து மேகக் கணிமைப் பொறியாளர் பணிக்கு மாற விரும்புவோர் கருத்தில் கொள்ள வேண்டிய முறை இதுவே. பழைய பணியின் அனுபவத்தைப் பயனற்றதென்று தள்ளிவிட்டு, பெருங்கடன் வாங்கி முதலிலிருந்து தொடங்குவோர் பலர். அதற்குத் தேவை இல்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கும்பளங்கியில் வாழும் ஓர் இளம்பெண், காக்கநாட்டில் 2004இல் தொடங்கப்பட்ட இன்ஃபோபார்க் வளாகத்துக்கு நாள்தோறும் சென்று, ஒரு நிறுவனத்தின் உதவி மேசையில் பணிபுரிகிறார். மறந்த கடவுச்சொல்லை மாற்றித் தருதல், இயங்காத அச்சுப்பொறியைச் சரிசெய்தல், இணைய இணைப்பு அறுந்தால் காரணம் காணுதல் ஆகியவை அவருடைய பணிகள். மூன்றாண்டுகள் கடந்தும் ஊதியம் பெரிதாக உயரவில்லை. வீட்டுக் கடனின் மாதத் தவணை அவர் ஊதியத்திலிருந்தே செல்கிறது. ஆகவே வேலையை விட்டுவிட்டுப் படிக்க அவரால் இயலாது.

ஏன் மாற வேண்டும்?

உதவி மேசையின் எளிய பணிகள் தாமியங்கு முறைக்கு மாறி வருகின்றன. கடவுச்சொல்லைப் பணியாளரே மாற்றிக்கொள்ளும் வசதி இன்று பல நிறுவனங்களில் உண்டு. மறுபுறம், நிறுவனங்கள் தம் சர்வர்களைச் சொந்தக் கட்டடத்திலிருந்து மேகத்துக்கு மாற்றுகின்றன. இந்தியாவிலேயே இதற்கான பெரும் தரவு மையங்கள் அமைந்துள்ளன. மைக்ரோசாஃப்ட் 2015இல் புணே, சென்னை, மும்பை ஆகிய நகரங்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017இல் மும்பையிலும் 2021இல் தில்லியிலும் தம் சேவை மண்டலங்களைத் தொடங்கின.

மேகக் கணிமை என்பது யாது?

சர்வரை விலைக்கு வாங்காமல், தேவையான கணிப்புத் திறனை இணையம் வழியே வாடகைக்குப் பெறுவதே மேகக் கணிமை. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரையறை இதற்கு ஐந்து இயல்புகளைக் கூறுகிறது. வேண்டும்போது தானே எடுத்துக்கொள்ளலாம், வலையமைப்பு வழியே எங்கிருந்தும் அணுகலாம், வளங்கள் பலருக்கும் பொதுவாகத் தொகுக்கப்பட்டிருக்கும், தேவைக்கேற்ப விரைவில் விரிந்து சுருங்கும், பயன்பாடு அளக்கப்படும். ஊதிய நாளன்று பன்மடங்காகும் பரிவர்த்தனைகளைத் தாங்கக் கூடுதல் சர்வர்களை இயக்கி, மறுநாள் அவற்றை நிறுத்திவிடலாம். பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் கட்டணம்.

இதில் பொறுப்பு இரு தரப்புக்கும் உரியது. வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தை எண்ணிப் பாருங்கள். அறையின் சுவரையும் கதவையும் வங்கி காக்கிறது. தன் சாவியை வாடிக்கையாளர் காக்கிறார். அவ்வாறே கட்டடம், மின்சாரம், இயந்திரம் ஆகியவற்றைச் சேவை நிறுவனம் காக்கிறது. எவருக்கு எந்த அனுமதி, எந்தத் தரவு வெளியே தெரியலாம் என்பவற்றை வாடிக்கை நிறுவனமே முடிவு செய்ய வேண்டும். வங்கிகள் தகவல் தொழில்நுட்பச் சேவைகளை வெளியாரிடம் ஒப்படைப்பது குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகளும், பணியை ஒப்படைத்தாலும் பொறுப்பு வங்கியிடமே இருக்கும் என்று வலியுறுத்துகின்றன. இந்தப் பொறுப்பை நாள்தோறும் நிறைவேற்றுபவரே மேகக் கணிமைப் பொறியாளர்.

கையில் ஏற்கெனவே இருப்பவை

நம் இளம்பெண் அன்றாடம் செய்யும் பணிகளைப் புதிய தொழிலின் கண்கொண்டு பார்ப்போம். இணையம் இயங்கவில்லை என்ற புகார் வந்தால் அவர் ஐ.பி. முகவரியையும் டி.என்.எஸ். அமைப்பையும் சோதிக்கிறார்; மேகத்திலும் வலையமைப்புச் சிக்கலின் முதல் சோதனை அதுவே. புதிய பணியாளருக்குக் கணக்குத் திறந்து, தேவையான கோப்புகளுக்கு மட்டும் அனுமதி தருகிறார். மேகத்தில் அடையாள, அனுமதி மேலாண்மை எனப்படுவது இதன் விரிவு. ஒவ்வொரு புகாரையும் டிக்கெட்டாகப் பதிந்து, காரணத்தையும் தீர்வையும் எழுதிவைக்கிறார். நள்ளிரவில் சேவை முடங்கும்போது குழுவுக்குத் தேவைப்படும் ஒழுங்கு இது. பதற்றத்தில் இருக்கும் பயனரிடம் பொறுமையாகக் கேட்டு உண்மைச் சிக்கலைக் கண்டறியும் திறனோ எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. இவையே நெல்லின் தாள்.

புதிதாகக் கற்க வேண்டியவை

முதலாவது, லினக்ஸ் இயங்குதளமும் கட்டளை வரியும். இரண்டாவது, வலையமைப்பின் அடிப்படை: சப்நெட், வழிச்செலுத்தல், தீயரண். மூன்றாவது, பைத்தான் அல்லது பவர்ஷெல்லில் சிறு நிரல் எழுதுதல். நான்காவது, ஏதேனும் ஒரு சேவை நிறுவனத்தின் மேகம். ஒன்றை நன்கு அறிந்தால் மற்றவை எளிதாகும். ஐந்தாவது, கட்டமைப்பையே நிரலாக எழுதும் டெராஃபார்ம் போன்ற கருவியும், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் முறையும்.

உதவிப் பணிக்கும் பொறியாளர் பணிக்கும் உள்ள மெய்யான வேறுபாடு மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் இருக்கிறது. உதவிப் பணியாளர் ஒரே சிக்கலை நூறு முறை தீர்க்கிறார். பொறியாளர் அது நூற்றோராவது முறை எழாதவாறு அமைக்கிறார். ஆகவே பயிற்சியை இன்றைய அலுவலகத்திலேயே தொடங்கலாம். வாரந்தோறும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பணியைத் தேர்ந்து, மேலாளரின் இசைவுடன் அதனை நிரலாக்குங்கள். அதனால் மிச்சமான நேரத்தைக் குறித்துவையுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட உரக்கப் பேசுவது அக்குறிப்பாக இருக்கலாம்.

செலவும் கடனும்

லினக்ஸ், பைத்தான், கிட் ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. மேகச் சேவை நிறுவனங்களும் புதிய பயனருக்குக் குறிப்பிட்ட அளவு இலவசப் பயன்பாட்டை அளித்துத் தம் அடிப்படைப் பாடங்களையும் இணையத்தில் வைத்துள்ளன. அமேசானின் தொடக்கநிலைத் தேர்வுக்கு 100 டாலரும், அடுத்த நிலைத் தேர்வுக்கு 150 டாலரும் கட்டணம், வரி தனி. அச்சான்றிதழ்கள் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். மாதம் 2,000 ரூபாய் தொடர் வைப்பில் சேமித்தால் ஓராண்டில் அசல் மட்டும் 24,000 ரூபாய் ஆகும். மேற்கண்ட நிலைகளில் ஒரு தேர்வு எழுத இது தாராளமாகப் போதும்.

பயிற்சியின்போது ஓர் எச்சரிக்கை தேவை. மேகக் கணக்குத் தொடங்கக் கடன் அட்டை விவரம் கேட்கப்படுவது வழக்கம். மணிக்கு 5 ரூபாய் வாடகையுள்ள சர்வர் ஒன்றை இயக்கிவிட்டு மறந்தால், 30 நாளில் 720 மணி நேரத்துக்கு 3,600 ரூபாய் ஆகிவிடும். கணக்குத் தொடங்கிய நாளிலேயே செலவு எச்சரிக்கையை அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எச்சரிக்கை அறிவிக்குமேயன்றித் தானாகச் சர்வரை நிறுத்தாது. பயிற்சி முடிந்ததும் நீங்களே நீக்க வேண்டும். வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பைக் குறைத்து வைப்பதும் நல்ல காப்பு.

வேலைக்கு உறுதி எனக் கூறிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களிடம் கவனமாக இருங்கள். எளிய மாதத் தவணை என்று அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் உங்கள் பெயரில் வழங்கப்படும் கடனே. வேலை கிடைக்காவிட்டாலும் தவணை நிற்காது. தவறினால் உங்கள் கடன் மதிப்பெண் குறையும். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, வட்டியும் கட்டணங்களும் அடங்கிய ஆண்டுச் சதவீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனைப் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். திறன் பயிற்சிக்கான மாதிரிக் கடன் திட்டத்தின் உச்ச வரம்பு 2024இல் 7.5 இலட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. எனினும், வரம்பு உயர்ந்ததென்பதற்காக முழுத் தொகையையும் வாங்க வேண்டியதில்லை.

முதற்படி

நேரே பொறியாளர் பதவியே கிடைக்க வேண்டும் என்றில்லை. மேகச் சேவை உதவிப் பணி, சர்வர் நிர்வாகம், இரவுக் கண்காணிப்புக் குழு ஆகியவை இடைப்படிகள். தம் நிறுவனத்திலேயே மேக மாற்றத் திட்டம் நடந்தால், நம் இளம்பெண் அதில் சிறு பொறுப்பொன்றைக் கேட்டுப் பெறலாம். அவரை அறிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஓராண்டில் 365 மணி நேரம் சேரும். அதுவரை ஊதியமும் வரும். வீட்டுத் தவணையும் தவறாது.

பொக்காளி உழவர் நெல்லை அறுக்குமுன் மதகைத் திறப்பதில்லை. இருக்கும் வேலையில் நின்றுகொண்டே அடுத்ததற்கு வயலை ஆயத்தம் செய்யுங்கள். சேமிப்புத் திட்டம் வகுக்கவும், கடன் ஆவணத்தின் விவரங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் உங்கள் கிளை அலுவலரை அணுகலாம்.