போதைப் பழக்கம்: சிறைக்கு முன் சிகிச்சை

போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் காவல்துறை முதலில் நுழைவது சேரிகளுக்குள்தான். விற்பனையின் வேர் வேறெங்கோ இருக்க, பயன்படுத்தும் இளைஞரே கைதாவதை நாம் நடத்தும் வழக்குகளில் மீண்டும் மீண்டும் காண்கிறோம். வழக்குக்கு அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. இந்த அச்சத்தை வெல்ல, உடலுக்கு நேர்வதையும் சட்டம் சொல்வதையும் ஒருசேர அறிந்திருக்க வேண்டும்.

உடலுக்கு நேர்வது என்ன?

கஞ்சா கவனத்தையும் நினைவாற்றலையும் குறைக்கிறது. இளம் வயதிலேயே தொடங்கி மிகுதியாகப் பயன்படுத்துவோரிடம் மனநோய் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது.

டபென்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரைகள் விழுங்குவதற்காகத் தயாரிக்கப்பட்டவை. அவற்றைக் கரைத்து ஊசியால் ஏற்றும்போது கரையாத துகள்கள் இரத்தக் குழாய்களை அடைக்கின்றன, சீழ்ப்புண்கள் உண்டாகின்றன. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி ஆகியவை தொற்றக்கூடும்.

இம்மாத்திரைகளும் ஹெராயினும் அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். சிறையிலிருந்து திரும்புவோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்: இடைவெளிக்குப் பின் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவே உயிரைப் பறிக்கலாம்.

கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108ஐ அழைக்க வேண்டும். உட்கொண்டது எதுவென்று மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நலோக்சோன் என்னும் மாற்று மருந்து உரிய நேரத்தில் கிடைத்தால் மூச்சு மீளும்.

சட்டம் சொல்வது என்ன?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அளவைக் கொண்டே குற்றத்தை எடைபோடுகிறது. கஞ்சாவில் 1 கிலோ வரையும் ஹெராயினில் 5 கிராம் வரையும் ‘சிறிய அளவு’. பிணைக்குக் கடும் தடை விதிக்கும் 37ஆம் பிரிவின் வணிக அளவு, கஞ்சாவுக்கு 20 கிலோ, ஹெராயினுக்கு 250 கிராம். ஆகவே பறிமுதல் பட்டியலில் எழுதப்படும் எடையே ஓர் இளைஞரின் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. அதை வழக்கறிஞர் உடனடியாகச் சரிபார்க்க வேண்டும்.

50ஆம் பிரிவின்படி, உடலைச் சோதிக்கும் முன், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உண்டு என்று தெரிவிக்க வேண்டும். இச்சட்டத்தின்கீழ் விசாரணை அதிகாரிகளிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்க முடியாது என்று தூஃபான் சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது 64ஏ பிரிவு. பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவுக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைநோயாளி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து அவருக்கு விலக்குண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் விலக்கை இழக்க நேரிடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளை நோய் என்றே வரையறுத்து, சிகிச்சையை உரிமையாக்குகிறது.

எனவே கைதுக்குப் பின் பிணை மனுவோடு சிகிச்சைக்கான மனுவையும் அணியப்படுத்துவோம். கல்லூரி மாணவர்கள் தத்தம் பகுதி அரசு மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவு இயங்குகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். உதவி தேவைப்படுவோருக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. நம் தெருக்களுக்குள் காவல் வாகனம் வருவதற்கு முன் மருத்துவர் வரவேண்டும் என்பதே நமது கோரிக்கை.